தானாக வளர்ந்த லீக்ஸ்

எங்கள் ஊரில் ஒருவன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்கிறான் என்றால் தெருவே நம்பும். உதவித் தொகை கொடுக்கிற அரசாங்கத் துறை மட்டும் நம்பாது. நம்பாமல் இருப்பதற்குத்தான் அங்கே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். வாங்குகிற சம்பளத்துக்கு அவர்கள் வஞ்சனை இல்லாமல் உழைக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் துறையைக் குறை சொன்னதாகப் புகார் எழுதிப் போடக்கூடாது.

ஊர் ஹேவர்டன். இங்கிலாந்தின் வடக்கே, நார்த்தம்பர்லாந்துக் கடற்கரையில் பழைய நிலக்கரி ஊர். சுரங்கத்தை மூடியதற்குப் பிறகு மிச்சம் இருப்பது ஒரு கிளப், ஒரு பள்ளிக்கூடம், வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு தோட்டத் துண்டு, என் கறிக்கடை. என் பெயர் எரிங்டன். இந்தக் கதையில் துறைக்குப் போன் போட்டுக் காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று ஊரே பேசியது. அது நான் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் ஆஸ்வின் ரட்டருடையது. பள்ளி வாசலில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைக் கம்பில் பிடித்துக்கொண்டு வண்டிகளை மறித்து, பிள்ளைகளைச் சாலை தாண்ட வைப்பது அவன் வேலை. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் மேவிஸைப் பார்த்துக்கொள்வான். மேவிஸ் அவன் மனைவி, பஸ் ஓட்டியவள். நரம்பு நோய் வந்து முதலில் காலை முடக்கியது, பிறகு கைக்கு வந்தது. நிறைந்த தம்ளரை அவளால் தூக்க முடியாது. யாராவது பிடித்துக்கொள்ள, குழல் வைத்து உறிஞ்சிக் குடிப்பாள். நோய் இன்னும் வாய்க்கு வரவில்லை.

இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் துறை ஒரு படி தருகிறது. வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே சின்ன வேலை பார்க்கலாம், ஆனால் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டக்கூடாது. ஒரு பென்னி தாண்டினால் அந்த ஒரு பென்னியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. மொத்தப் படியும் போய்விடும். அதனால் கூடுதல் வேலை என்று யாராவது வாயெடுத்தாலே ஆஸ்வின் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். கிறிஸ்துமசுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த கேக்கைக்கூட, "இதுக்கு என்ன மதிப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லித் தலைமையாசிரியையை அழவிட்டவன் அவன்.

அவனுக்குப் படி வந்த மாதமே மேவிஸுக்கு வந்துகொண்டிருந்த உதவித் தொகையில் ஒரு துண்டு வெட்டுப்பட்டது. அவள் துறைக்குப் போன் போட்டாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"என் தொகையை ஏன் கொறச்சீங்க?"

"உங்களைப் பாத்துக்க ஆள் வந்துட்டாரே மேடம்."

"ஆள் புதுசா வரலியே, கல்யாணம் ஆனதுல இருந்து இங்கதான் கெடக்கான். அவனுக்கு நீங்க படி குடுத்தா என் கால் வந்துடுமா?"

"கால் வராது மேடம். தனிமை போயிடும். நாங்க கொறச்சது தனிமைக்கான கூடுதல்."

மேவிஸ் போனை வைக்கச் சொல்லிவிட்டு ஆஸ்வினைப் பார்த்தாள். "கேட்டியா மனுஷா, இனிமே நான் தனியா இல்லையாம். அரசாங்கமே சொல்லிடுச்சு."

இவ்வளவு வெட்டிய பிறகும் அந்தப் படியை அவர்கள் விடமுடியாது. படி நின்றால் ஆஸ்வின் முழுநேர வேலைக்குப் போக வேண்டும். அவன் போய்விட்டால் மேவிஸுக்கு இருப்பது அறுபது மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லம். அவள் அந்த வழியாகப் பஸ் ஓட்டியவள். "அந்த ஸ்டாப்புல எறங்குனவங்க யாரும் திரும்பி ஏறுனதில்ல" என்பாள். தன் வீட்டில், தன் ஜன்னலோரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஜன்னலுக்கு நேர் கீழே தோட்டம்.

தோட்டத்தில் லீக்ஸ். வெங்காயத்துக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு செடி. மற்ற ஊர்களில் அதைச் சூப்பில் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்காக ஆண்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார்கள். செப்டம்பரில் கிளப்பில் கண்காட்சி. யாருடைய லீக்ஸ் பருமனோ அவனுக்குப் பரிசு. போன வருஷம் முதல் பரிசு ஆஸ்வினுக்கு, இரண்டாம் பரிசு எனக்கு. ஊர் ஏன் என்னைச் சந்தேகப்பட்டது என்பது இப்போது புரியும்.

உண்மையில் அந்த லீக்ஸ் மேவிஸுடையது. விதை அவள் அப்பா வழி வந்தது, பக்குவமும் அவளுடையது. ஆஸ்வின் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்துவான். அவள் உட்கார்ந்தபடியே அவனை வேலை வாங்குவாள். "மேல ஊத்தாத மனுஷா, அடியில ஊத்து. அவசரப்படாத. கொஞ்சம் கொஞ்சமா." கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழைத் தூறலில்கூட உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குள் இருக்கும்போது அவள் முகத்தில் இல்லாத ஒன்று அங்கே இருக்கும்.

பரிசு கொடுத்த அன்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்தார். இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்காட்சி நெருங்கும்போது எதிராளிகள் கத்தியோடு வந்து செடியைக் கீறிவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் உண்டு. அதனால் ஜெயித்தவன் யாராக இருந்தாலும் பத்திரிகையில் ஒரே வசனம்தான் சொல்வான்: ராவும் பகலும் அதன் பக்கத்திலேயே கிடக்கிறேன். அடுத்த வருஷத்துக் கத்திக்காரனுக்கு விடுகிற எச்சரிக்கை அது. ஒருவரும் அதை நம்புவதில்லை. ஆஸ்வின் ராத்திரி காவலுக்கு வைப்பது மண்வெட்டியில் மாட்டிய பழைய கோட்டும் பாடுகிற ரேடியோவும். அது ஊருக்கே தெரியும்.

ஆஸ்வின் வழக்கப்படியே சொன்னான். பத்திரிகையும் வழக்கப்படியே போட்டது. 'இருபத்துநாலு மணி நேரமும் இதுகளைத்தான் பார்த்துக்கொள்கிறேன். வேறு எதையும் கவனிக்க நேரமில்லை. பெற்ற பிள்ளை மாதிரி.' பக்கத்தில் படம்: இரண்டு கையிலும் லீக்ஸ், முகமெல்லாம் பல்.

அடுத்த மாதம் துறை அவனைக் கூப்பிட்டது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள், என்னை அழைத்துப் போனான். "நீதான் போன் போட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் உன்னையே கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல இருந்தா கண்ணுல படுவ" என்றான். பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து போனோம்.

அறையில் இரண்டு அதிகாரிகள். பெரியவர் திருமதி கிரேஞ்சர். சாந்தமான முகம், சாந்தமான குரல். சின்னவர் புரூயட் என்று ஒரு இளைஞர். பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். மேஜையில் அந்தப் பத்திரிகைத் துண்டு.

"பயப்படாதீங்க மிஸ்டர் ரட்டர்" என்றார் கிரேஞ்சர். "நீங்க பேசுறது பூரா பதிவாகும், அவ்வளவுதான். மக்களை நம்பணும்னுதான் எங்களுக்கும் ஆசை. அதுக்குன்னு நிதி ஒதுக்கல. சந்தேகப்படுறதுக்கு ஒதுக்கியிருக்காங்க. ஒதுக்குனதைச் செலவழிக்கலைன்னா அடுத்த வருஷம் கொறச்சிடுவாங்க."

"சரிங்க மேடம்."

"இருபத்துநாலு மணி நேரமும் லீக்ஸைப் பாத்துக்கறதா சொல்லியிருக்கீங்க. அப்ப மனைவியைப் பாத்துக்கற முப்பத்தஞ்சு மணி நேரம் வாரத்துல எங்க இருக்கு? நாங்க தேடிப் பாத்தோம். கெடைக்கல."

"அது வழக்கம் மேடம். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எல்லாருமா?" புரூயட் பேனாவைத் திறந்தார். "அவங்க பேர் சொல்ல முடியுமா?"

நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்வின் வாயில் உண்மை நின்றது. மேவிஸ் என்கூடவே தோட்டத்தில்தான் இருப்பாள், அவளைப் பார்த்துக்கொண்டேதான் செடியையும் பார்த்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தோளெலும்பு போன ஒருவர் கிளப்பில் பிங்கோ ஆட்டம் ஜெயித்த சந்தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டு, அதனாலேயே உதவித் தொகையை இழந்து, இப்போது அந்தக் கையாலேயே மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறார். மழையில் தோட்டத்தில் உட்காரக்கூடியவள், விவசாயம் நடத்தக்கூடியவள், அவளுக்கு எதற்கு உதவித் தொகை என்பார்கள். செடியை அவன் பார்த்தான் என்றால் மனைவியைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள் என்றால் அவளைப் பார்க்க வேண்டியதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஆஸ்வின் மாட்டிக்கொண்டான்.

"நான் அதைப் பாத்துக்கறதே இல்ல மேடம்" என்றான் கடைசியில். "தானா வளருது."

லீக்ஸ் தானாக வளர்கிறது என்று ஒரு ஹேவர்டன்காரன் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"தானா வளருது" என்று கிரேஞ்சர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அப்ப பத்திரிகைக்குச் சொன்னது பொய். பத்திரிகைக்குப் பொய் சொல்றவர் எங்ககிட்டயும் சொல்லலாமில்ல? சொல்றீங்கன்னு நான் சொல்லல. சொல்லலாம்னு சொல்றேன். சரி, பரிசு என்ன குடுத்தாங்க?"

"நாற்காலி மேடம். பொத்தானை அமுக்குனா ஆளை மெதுவா எழுப்பிவிடும். மேவிஸுக்கு ஆகும்னு."

"எழுப்பிவிடுமா? யாரு, நாற்காலியா?" அவர் புரூயட் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. வீட்டுல ஏற்கெனவே ஒரு நாற்காலி பராமரிப்பு வேலை பாக்குது. அந்த நேரத்தை இவர் கணக்குல கழிக்கணும்."

படியை நிறுத்தி வைத்தார்கள். ரத்து செய்யவில்லை, நிறுத்தி வைத்தார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். ரத்து செய்திருந்தால் மேவிஸுக்கு அவளுடைய தனிமை திரும்பக் கிடைத்திருக்கும். அவள் மறுபடியும் போன் போட்டபோது விளக்கினார்கள்: "உங்க கணவருக்கு உரிமை இருக்கு மேடம், பணம்தான் இல்ல. உரிமையுள்ள ஒருத்தர் வீட்டுல இருக்கறவரைக்கும் நீங்க தனியா இருக்கறதா சட்டம் ஒத்துக்காது."

அன்று மாலை அவர்கள் சமையலறையில் நடந்ததும் எனக்குத் தெரியும், ஏனென்றால் மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பணியாரம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். மேவிஸ் அதைப் பார்க்கவே இல்லை.

"தானா வளருதா?" என்றாள். "எங்கப்பன் விதை, என் பக்குவம், தானா வளருதா?"

"உன்னைச் சொல்லியிருந்தா உன்னையும் வெட்டியிருப்பாங்க மேவிஸ்."

"தெரியும்யா. நீ சொன்னதுதான் சரி. அதான் வயிறு எரியுது." பிறகு என்னிடம் திரும்பினாள். "இந்தப் பணியாரம் எதுக்கு? போன் போட்ட பாவத்துக்கா?"

வாராவாரம் பணியாரம் கொடுத்தால் அதுவும் வருமானம் என்று ஆஸ்வின் பயந்தான். அதனால் நான் அதை வேலியில் வைத்து மறந்துவிட்டுப் போவேன். அவன் அதைக் கண்டெடுப்பான். ஊர் அந்தக் குளிர்காலம் முழுதும் எதையாவது மறந்துகொண்டே இருந்தது. எதிர் வீட்டார் சூப்புச் சட்டியை மறந்தார்கள். கிளப்காரர்கள் ஒரு மூட்டை நிலக்கரியையே மறந்தார்கள்.

கோடையில் துறை அடுத்த கட்டத்துக்குப் போனது. லீக்ஸ் தானாக வளர்கிறது என்பது ஆஸ்வின் தரப்பு வாதம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்குப் பெயர் 'கவனிப்பற்ற நிலை அவதானிப்பு'. ஆஸ்வின் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. புரூயட் மடக்கு நாற்காலி போட்டு வரப்பில் உட்கார்ந்து, யாராவது செடியைத் தொடுகிறார்களா என்று பார்ப்பார். செடி செத்தால் ஆஸ்வின் பொய்யன். ஒரு வருஷத்துப் படியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிழைத்தால் யோக்கியன்.

புரூயட் வந்தார். டை கட்டியபடியே உட்கார்ந்தார். நான் என் தோட்டத்தில் கொத்திக்கொண்டே அவரைக் கண்காணித்தேன், அவர் என்னைக் கண்காணித்தார். மேலே ஜன்னலிலிருந்து மேவிஸ் எங்கள் இரண்டு பேரையும் கண்காணித்தாள். அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. இலை ஓரங்கள் மஞ்சளாகத் தொடங்கின. ஒரு மனிதன் எத்தனை நாள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியும்? முதலில் பாட்டிலில் குடித்து மிஞ்சிய தண்ணீரை, கவனக்குறைவாக என்பதுபோல, செடிப் பக்கம் கவிழ்த்தார். அடுத்த நாள் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் அவர் கையில் ஒரு பூவாளி இருந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் கொத்தினேன்.

அப்போதுதான் மேலே ஜன்னல் திறந்தது.

"தம்பி! மேல ஊத்தாத! அடியில ஊத்து!"

புரூயட் துள்ளித் திரும்பினார். பூவாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மறைக்காத தம்பி, நான் எதையும் பாக்கல. அவசரப்படாத. கொஞ்சம் கொஞ்சமா."

அன்று முதல் அது ஒழுங்காக நடந்தது. மேவிஸ் ஜன்னலில் இருந்து சொல்வாள், அவர் ஊற்றுவார். போதும் என்று கத்திக் கத்தி அவள் தொண்டை வலிக்கக்கூடாது என்று ஆஸ்வின் ஒரு வழி கண்டுபிடித்தான். பள்ளிக்கூடத்துப் பலகையை ஜன்னல் வழியாக நீட்டுவான். 'நில்'. புரூயட் நிறுத்துவார். துறை தன் சொந்தச் செலவில் ஆள் அனுப்பி மேவிஸின் லீக்ஸை வளர்த்துக் கொடுத்தது.

ஒருநாள் வேலியோரம் நின்று அவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அந்தப் பத்திரிகை விஷயம், யாரும் போன் போடல சார். நாங்களே வாங்கிப் படிக்கிறோம். அதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு."

நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேவிஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டாள். "அப்ப நீ இல்லையா" என்றாள். ஜன்னல் வழியாக என் தோட்டத்தைப் பார்த்தாள். "சரி. ஆனாலும் பழகிப்போச்சு, எரிங்டன். உடனே நம்ப வரல."

லீக்ஸ் பிழைத்தது மட்டுமல்ல, தொடை பருமனுக்கு வளர்ந்தது. புரூயட் அறிக்கையில் 'எவரும் கவனிக்கவில்லை' என்று எழுதினார். வேறு என்ன எழுதுவார்? அரசாங்கச் சம்பளத்தில் தோட்டவேலை பார்த்தேன் என்றா? மறுபடியும் அந்த அறைக்குப் போனோம். இந்தத் தடவை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

கிரேஞ்சர் சந்தோஷமாக இருந்தார். "லீக்ஸ் விஷயம் தீந்துது மிஸ்டர் ரட்டர். நீங்க சொன்னது நிஜம். யாரும் பாக்காமலே பிரமாதமா வளந்திருக்கு."

"அப்ப படி மேடம்?"

"அங்கதான் எங்களுக்கு ஒரு யோசனை வந்துது. ஒரு உயிரை யாருமே பாத்துக்கலைன்னாலும் இவ்வளவு நல்லா இருக்கும்னா, பாத்துக்கறது பாத்துக்கறதுன்னு நாங்க நாடு பூரா குடுத்துட்டிருக்கோமே, அது எதுக்கு? உங்க மேல சந்தேகம் இல்ல. பராமரிப்பு மேலயே சந்தேகம் வந்துடுச்சு." அவர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். "அதனால அதே சோதனையை உங்க மனைவிக்கும் வைக்கிறோம். லீக்ஸுக்கு ஒரு கோடை வச்சோம். மனுஷிங்கறதால இவங்களுக்கு ஒரு பகல் போதும். நாங்களும் மனுஷங்கதானே?"

ஆஸ்வின் எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். புரூயட்டின் பேனா மூடியே இருந்தது.

சோதனை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. பரிசு நாற்காலியில் மேவிஸ். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் மேஜை மேல் ரொட்டி, ஒரு தம்ளர் தண்ணீர், குழல். எல்லாம் எட்டும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பகல் முழுதும் அவள் தானாகச் சமாளித்துவிட்டால் படி கிடையாது. எதிரே புரூயட். பக்கச்சார்பற்ற சாட்சியாக நான். யார் எதைத் தொட்டாலும் அது பராமரிப்பு ஆகிவிடும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆஸ்வினை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்தபடி நின்றான்.

வெயில் ஏறியது. எந்நேரமும் பேசுகிறவள் அன்று பேசவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. நான் கறிக்கடைக்காரன், எத்தனையோ பார்த்தவன். அன்று உட்கார்ந்திருந்த அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது. எழுந்து உதவினால் சோதனை செல்லாமல் போய் அவள் தோற்றுவிடுவாளோ என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையா என்று எனக்கே சந்தேகம்தான்.

கடைசியில் அவள் கையை நீட்டினாள். கை நடுங்கிக்கொண்டே போய்த் தம்ளரைத் தொட்டது. தம்ளர் சாய்ந்து, தண்ணீர் மேஜையில் ஓடி அவள் மடியில் சொட்டியது. புரூயட் குனிந்து எழுதினார்.

மேவிஸ் நனைந்த மடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"லீக்ஸுக்கு ஊத்துனியே தம்பி."

புரூயட் எழுந்தார். தம்ளரைக் கழுவினார், நிரப்பினார், அவள் பக்கத்தில் மண்டி போட்டுக் குழலை வாயில் வைத்தார். அவசரத்தில் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது.

"மேல புடிக்காத, அடியில புடி" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா."

அவள் குடித்து முடிக்கும்வரை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நானே போய் ஆஸ்வினை உள்ளே கூப்பிட்டேன்.

அறிக்கையில் புரூயட் இரண்டே வரி எழுதினார். தண்ணீர் நான் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அவர் குடித்திருக்க முடியாது. லீக்ஸைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எல்லா உண்மையையும் துறை தாங்காது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்.

படி திரும்பி வந்தது. நிறுத்தி வைத்த மாதங்களுக்கு உரிமை மட்டும் வந்தது, பணம் வரவில்லை. மேவிஸ் வீட்டிலேயே இருக்கிறாள். புரூயட்டைத்தான் விசாரித்தார்கள். ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் அந்த நேரத்துக்கு அவருடைய பராமரிப்பாளர். இவருடைய சம்பளமோ அந்த வருமானக் கோட்டுக்கு மிக மேலே. ஆகவே தகுதியில்லாமல் பராமரித்த குற்றம். அவர் இப்போது துறையில் இல்லை. எங்கள் பக்கம் ஒரு தோட்டத் துண்டு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். கிளப்பில் அதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. வேவு பார்க்கத் துறையே அனுப்பியிருக்குமோ என்று சிலருக்குச் சந்தேகம்.

அந்தச் செப்டம்பரிலும் முதல் பரிசு ரட்டர் லீக்ஸுக்குத்தான். பத்திரிகையிலிருந்து இந்தத் தடவை புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். எப்படி வளர்த்தீர்கள் என்று ஆஸ்வினைக் கேட்டாள். கிளப்பே அந்தப் பழைய வசனத்துக்குக் காத்திருந்தது. ஆஸ்வின் கடைசி வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரைப் பார்த்தான்.

"தானா வளந்துச்சு" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் பரிசு எனக்கு. என்னைக் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். மூன்றாம் பரிசுக்காரனும் அதையே சொன்னான். அந்தப் பெண் குழம்பிப்போய், கடைசியாக மேவிஸின் நாற்காலி பக்கம் குனிந்து மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டாள்.

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

கிளப்பில் தம்ளர் வைக்கிற சத்தம்கூட நின்றது. மேவிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதைப் பேப்பர்ல போடுவியா?"

"போடுவேங்க."

"அப்ப நல்லா இல்லன்னு போடு."